கரண்ட் இருக்கும்போதே மெழுகுதிரியில் கச்சேரி கேட்பது எப்படி?

2022 மார்ச் கடைசியில் நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். மெழுகுதிரி வெளிச்சத்தில் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, ஒரு கையால் சோறு பிசைந்து மறு கையால் நுளம்பு அடித்த ஊர் கொழும்பு. அதே வெளிச்சத்துக்குக் காசு கொடுத்து, ரிக்கெட் எடுத்து, உடுப்பு அயன் பண்ணிப் போய் இருப்பதென்றால் கொஞ்சம் பயிற்சி வேண்டும்.

களனிக்காரர் இரண்டு மணித்தியாலம் முந்தி வெளிக்கிடவும். புதிய களனிப் பாலத்தைக் கலர் வெளிச்சம் போட்டுத் திறந்தது 2021 நவம்பரில். நாலு மாதத்தில் ஊரே இருட்டு. பாலத்தில் வாகனம் நிற்கும்போது இதை நினைத்துச் சிரிக்கலாம்.

மண்டபத்தில் முதலில் மெழுகுதிரியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். இப்போதெல்லாம் அநேகமான இடங்களில் பற்றரி மெழுகுதிரிதான்: சுடர் ஆடும், உருகாது. ஊதி அணைக்க முயல வேண்டாம். கொச்சிக்கடை அந்தோனியாருக்குச் செவ்வாய்க்கிழமை கொளுத்திப் பழகிய கை தானாகவே நேர்த்தி வைக்கப் பார்க்கும், அதையும் அடக்கவும்.

மேடையில் நாலு பேர், குவார்ட்டெட் என்பார்கள். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. வியோலா வயலினைவிட ஒரு பஞ்சமம் கீழே, செல்லோ அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே. நல்லூரில் சோடி நாதஸ்வரமும் சோடித் தவிலும் கேட்டவருக்கு நாலு பேர்க் கணக்குப் புதிதல்ல. ஆனால் தவில் தனியாவர்த்தனம் போகும்போது நாதஸ்வரக்காரர் வெற்றிலை மடிக்கலாம். இங்கே அப்படி ஆறி இருக்க இடம் குறைவு. ஒருவர் வில்லைத் தூக்கும்போது மற்ற மூவரும் மூச்சு இழுப்பது முன் வரிசைக்குக் கேட்கும். தாளம் போட ஆள் இல்லை, அந்த மூச்சுத்தான் தாளம். ரிக்கெட் காசு அதற்கே சரி என்பது என் கட்சி.

நோட்டீசில் ‘1945 முதல்’ என்று கண்டு நாலு கிழவர்களை எதிர்பார்க்காதீர்கள். மொஸ்கோவின் போரோடின் குழு அந்த வருசம் தொடங்கியது. செல்லோக்காரர் வலன்ரீன் பெர்லின்ஸ்கி 2007 வரை கதிரையை விடவில்லை; மற்ற மூன்று கதிரைகளிலும் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். லண்டன் அமேடியஸ் குழு இதற்கு நேர்மாறு. நாற்பது வருசம் அதே நால்வர். 1987இல் வியோலாக்காரர் பீட்டர் ஷிட்லோவ் காலமானதும், வேறு ஆள் தேடாமல் குழுவையே நிறுத்திவிட்டார்கள். ஒரே ரயில், ஒரே ஹோட்டல், ஒரே நாலு முகம். வெள்ளவத்தைப் பிளாட்டில் நாலு வருசம் ஒரே லிஃப்டில் ஏறி இறங்குபவர்களே முகம் பார்த்துக் கதைப்பதில்லை.

கைதட்டுவது பெரிய பொறி. ஒரு உருப்படி பெரும்பாலும் நாலு துண்டாக வரும். துண்டுக்குத் துண்டு தட்டக்கூடாது. தொடையில் தாளமும் கூடாது, “சபாஷ்” அறவே கூடாது. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவியைப் பிடித்துக்கொண்டு அவ தட்டும்போது தட்டுவது பழைய தந்திரம். அவவும் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டு பேரும் அம்போ. ஷொஸ்டகோவிச்சின் 15ஆவது குவார்ட்டெட் என்றால் இந்தக் கவலை இல்லை. 1974இல் எழுதியது, ஆறு பகுதியும் மெதுநடை, நடுவில் நிறுத்தமே இல்லை. முதற்பகுதியை, பறக்கிற ஈ செத்து விழுமளவுக்கு வாசிக்கச் சொன்னாராம். கொழும்பு நுளம்புக்கு இது போதுமோ தெரியாது.

ஹெய்டனின் ‘விடைபெறும் சிம்பொனி’யை யாராவது வாசித்தால் பதற வேண்டாம். 1772இல் பிரபு லீவு கொடுக்காமல் இழுத்தடிக்க, வாத்தியக்காரர் ஒவ்வொருவராக மெழுகுதிரியை அணைத்துவிட்டு எழும்பிப் போகிறமாதிரி எழுதிய உருப்படி அது. லீவுக் கடிதம் இதைவிட வடிவாக எழுத ஏலாது. கரண்ட் போய்விட்டதென்று நினைத்து போன் ரோர்ச்சை அடித்துவிடாதீர்கள்.

உண்மையாகவே கரண்ட் போனால்? எனக்கு ஒருமுறை நடந்தது. ஏ.சி. அடங்கியதில்தான் விளங்கியது, பற்றரிச் சுடர்கள் தம்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தன. நால்வரும் நிற்கவில்லை. செல்லோக்காரரின் நாடியில் இருந்து வேர்வை சொட்டியது. ஐந்து நிமிடம் கழித்து, மிக மெல்லிய இடத்தில், ஏ.சி. உறுமியது. மூன்றாம் வரிசையில் ஒரு குரல் “ஆ, வந்திட்டுது!” என்றது.

என் மனுசி இன்றைக்கும் அது நான் இல்லை என்றுதான் ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறா.