இரண்டு மாஸ்டருக்கு ஒரு சிஷ்யர்

அவரைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். நடக்கும்போது கை இரண்டும் உடம்போடு ஒட்டாது; அக்குளுக்கு ஒன்றாகத் தலையணையை இடுக்கிக்கொண்டு போகிறவரைப் போல நடப்பார். தோளில் ஒரு பை. அதற்குள் வெள்ளைக் கராத்தே உடை, சுருட்டிவைத்த பிரவுன் பெல்ட், இடுப்புக்குக் கட்டும் தோல் பட்டை, நேற்றைய புரோட்டீன் பவுடர் வாசனை போகாத ஷேக்கர் பாட்டில். வயது நாற்பதைத் தாண்டியாயிற்று. உத்தியோகம் வங்கியிலோ மின்வாரியத்திலோ இருக்கும். காலை ஐந்தரைக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் கராத்தே, மாலை ஏழு மணிக்கு ஜிம். ஊருக்கு ஒருவர் இப்படி உண்டு. மதுரையில் எங்கள் தெருவுக்கே ஒருவர் வாய்த்தது எங்கள் கொடுப்பினை.

வெறும் கராத்தேக்காரர்களால் தொந்தரவு கிடையாது. பெல்ட் மாறிய வாரம் மட்டும் கொஞ்சம் பேசுவார்கள். வெறும் ஜிம்காரர்கள் கண்ணாடி இருக்கும் இடத்தை விட்டு நகர மாட்டார்கள், அதனால் நம் பக்கம் வர மாட்டார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்கிறவர் தனி இனம். ஏன் இரண்டும் என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று தெருமுனையில் காத்துக்கொண்டிருப்பார்.

நம்மவருக்கு மாஸ்டர்கள் இரண்டு பேர். கராத்தே மாஸ்டர் அறுபது கிலோ தேறுவாரா என்பது சந்தேகம். இரும்பு என்றாலே அவருக்கு ஆகாது. "வெயிட்டத் தூக்குனா உடம்பு இறுகிப்போகும் சார். அப்புறம் குத்துல வேகம் எங்கிட்டு இருக்கும்?" என்பார். ஜிம் மாஸ்டரின் கட்சி வேறு. "காத்துல ஆயிரம் குத்து விடுறதுக்கு அஞ்சு டெட்லிஃப்ட் போடுங்கண்ணே. எதிராளி பாத்ததுமே ஒதுங்கிருவான்." காலையில் ஒருவர் சொன்னதை மாலையில் இன்னொருவரிடம் கொஞ்சம் மழுப்பிச் சொல்வது நம்மவர் வேலை. அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் பல வருஷம் நின்றவர், இதெல்லாம் அவருக்குக் கைவந்த கலை.

கராத்தே மாஸ்டரை மடக்க அவர் எடுக்கும் ஆயுதம் ஒகினாவா. கராத்தே பிறந்த அந்தத் தீவில் பழைய ஆசான்கள் எடை தூக்காமலா இருந்தார்கள் என்று கேட்பார். கேள்வி நியாயமானதுதான். ‘ஹோஜோ உண்டோ’ என்ற பெயரில் அங்கே துணைப்பயிற்சி முறையே இருக்கிறது. மரக்கைப்பிடியின் ஒரு முனையில் கல்லைப் பொருத்திச் சுழற்றும் சி-இஷி, பூட்டு வடிவத்தில் செதுக்கிய இஷி-சாஷி, விரல் நுனிகளால் வாய் விளிம்பைக் கவ்வித் தூக்கிக்கொண்டு நடக்கும் நிகிரி-காமே ஜாடிகள் எல்லாம் அதில் சேர்த்தி. கோஜு-ரியு பிரிவை நிறுவிய மியாகி சோஜுன் 1934-இல் ஹவாய்க்குப் போனார். அங்கே மல்லர்கள் வைத்திருந்த நீள்வட்ட இரும்பு வளையத்தைப் பார்த்து, அதையும் தன் பயிற்சியில் சேர்த்துக்கொண்டார். கர்லாக்கட்டை சுற்றி, இளவட்டக்கல் தூக்கிய நம் ஊருக்கு இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் நம்மவருக்கு எதையும் தெரிந்துகொண்டதோடு விடத் தெரியாது. நிகிரி-காமேக்கு ஜாடி வேண்டுமே? வீட்டில் அம்மாவின் பீங்கான் ஜாடிகள் இரண்டு இருந்தன. வடுமாங்காயைப் பிளாஸ்டிக் வாளிக்கு மாற்றினார். மொட்டைமாடி வேலைக்குக் கொட்டிவைத்திருந்த மணலை ஜாடிகளில் நிரப்பினார். கைக்கு ஒன்றாகக் கவ்விக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, பாதத்தைத் தரையோடு தேய்த்துப் பிறை வடிவில் எடுத்துவைத்து, சன்சின் நடை நடந்தார். மூச்சுச் சத்தம் பக்கத்து மாடி வரை கேட்டது. வடுமாங்காய்க்கு விளக்கெண்ணெய் பிசறுவார்கள் என்பதை ஒகினாவா ஆசான்கள் அவருக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. வலது கை ஜாடி வழுக்கியது. கால் கட்டைவிரல் தப்பியது, ஜாடி தப்பவில்லை.

சத்தம் கேட்டு மேலே வந்த அம்மா உடைந்த ஓடுகளையும் மணலையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன்டா, ஜப்பான்காரன் வீட்டுல ஊறுகாயே போட மாட்டானாடா?"

மூன்றாவது மாடிக்குச் சிலிண்டர் வரும் நாள் இன்னொரு கொண்டாட்டம். வீட்டுச் சிலிண்டரில் எரிவாயு மட்டும் 14.2 கிலோ; இரும்புக் கூட்டையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 30 கிலோ. வாசலில் டெலிவரித் தம்பியை மறித்து, முதுகை வளைக்காமல் இடுப்பை எப்படிப் பின்னால் தள்ளிக் குனிய வேண்டும், மூச்சை எங்கே பிடிக்க வேண்டும் என்று நம்மவர் வகுப்பெடுப்பார். தம்பி மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, சிலிண்டரை ஒரே வீச்சில் தோளில் ஏற்றி, மறு கையில் போனைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டே படியேறிப் போவான். பின்னாலேயே நம்மவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறுவார். முந்தாநாள் லெக் டே.

சமையலறை நாள்காட்டியில் அமாவாசை, சஷ்டிக்குப் பக்கத்திலேயே லெக் டேயும் சிவப்பு மையில் குறிக்கப்பட்டிருக்கும். பழக்கமில்லாத எடையைத் தூக்கினால் வலி அன்றைக்கு வராது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்குப் போகும். செவ்வாய் ஸ்குவாட் போட்டவருக்கு வியாழன் காலையில் கிபா தாச்சி. குதிரைமேல் உட்கார்ந்த நிலையில் தொடையை இறக்கி நிற்க வேண்டும். உட்காரும்போது "முருகா" என்பார், எழுந்திருக்கும்போது "அப்பனே" என்பார். இந்த வகுப்பில் அவருக்கு உடன் பயில்கிறவர்கள் பெரும்பாலும் மஞ்சள் பெல்ட் கட்டிய மூன்றாம் வகுப்புக் குழந்தைகள். "அங்கிள், வலிக்குதா?" என்று அன்பாகக் கேட்பார்கள். சண்டைப் பயிற்சிக்கு ஜோடி ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பெண். அவளுடைய முன்கைக் குத்து வந்துபோன பிறகு இவர் கை தடுக்கக் கிளம்பும்.

அப்போதெல்லாம் மாஸ்டர் சொல்வது ஒன்றுதான். "லூசா விடுங்க சார்."

இதை நம்மவர் ஆராய்ச்சி வரைக்கும் கொண்டுபோய்விட்டார். கனடாவின் முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். தேர்ந்த சண்டைக்காரர்களின் அடியில் தசை முதலில் ஒரு முறை இறுகி அடியைத் தொடங்கிவைக்கும். நடுவில் தளர்ந்துவிடும், அந்தத் தளர்ச்சியில்தான் வேகம். படும் நொடியில் மறுபடி இறுகும். மாஸ்டர் ஒற்றை வாக்கியத்தில் சொன்னதும் அதேதான். மறுநாள் வகுப்பில் நம்மவர் பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, தளர முயன்றார். முடியாமல், "இதுக்குன்னு தனியா ஏதாச்சும் எக்சர்சைஸ் இருக்கா மாஸ்டர்? எத்தனை செட்டு?" என்று கேட்டார்.

ஆராய்ச்சி வேறு வகையிலும் உதவும். வலிமைப் பயிற்சியோடு ஓட்டம், சைக்கிள் பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களின் வலிமை ஏற்றம் சில வாரங்களுக்குப் பின் தேங்கிவிட்டதாக 1980-இல் ராபர்ட் ஹிக்சன் எழுதினார். அவர் ஆய்வில் கலந்துகொண்டவர்கள் பத்து வாரம் கிட்டத்தட்ட தினமும் உயிரைக் கொடுத்துப் பயிற்சி செய்தார்கள். நம்மவர் வீட்டில் அது, "நான் நடந்து ரேஷன் கடைக்குப் போனா ஸ்குவாட் இறங்கிரும்" என்று மொழிபெயர்ந்தது. அவர் மனைவி இப்போது ஹிக்சன் என்ற பெயரைக் கேட்டாலே கரண்டியை எடுக்கிறார்.

இரும்பின்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அதே மைதானத்தில் ஒரு கல்லூரிப் பையன் இருக்கிறான். வாரத்தில் இரண்டு நாள், கராத்தே முடித்த பிறகு, ஸ்குவாட், டெட்லிஃப்ட், முதுகுக்கு ஓர் இழுவைப் பயிற்சி, அவ்வளவுதான். போட்டி வரும் வாரம் எடையைக் குறைத்துக்கொள்வான். இடுப்பிலிருந்து கிளம்பி வரும் அவன் குத்தில் மாகிவாரா பலகை அதிர்வதைக் கேட்டுக் கராத்தே மாஸ்டரே திரும்பிப் பார்ப்பார். அவன் ஜிம்முக்குப் போவது மாஸ்டருக்குத் தெரியாது. நம்மவர் ஜிம்முக்குப் போவது மதுரைக்கே தெரியும்.

ஒலிம்பிக் பேச்சை மட்டும் அவரிடம் எடுக்கக் கூடாது. டோக்கியோவில் 2021-இல் கராத்தே இடம்பெற்றது. ஒகினாவாக்காரரான கியுனா ரியோ எதிராளி இல்லாமல் அடவு செய்துகாட்டும் ஆண்கள் கட்டா பிரிவில் தங்கம் வாங்கினார். 2024 பாரிஸில் கராத்தேயை எடுத்துவிட்டார்கள். "அங்கதான் சார் கவுத்துட்டாங்க" என்று பெருமூச்சு விடுவார், தமக்கு எடுத்த டிக்கெட்டை ரத்து செய்துவிட்ட தோரணையில்.

போன மாதம் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. கை தலைக்கு மேல் போகவில்லை. சட்டையை மனைவிதான் மாட்டிவிட்டார். கராத்தே மாஸ்டரும் ஜிம் மாஸ்டரும் சரித்திரத்தில் முதல்முறையாக ஒரே கருத்துக்கு வந்தார்கள்: ஒரு மாசம் முழு ஓய்வு. தெரு நிம்மதியாக மூச்சுவிட்டது.

மூன்றாம் நாள் காலையில் பால் வாங்கப் போனபோது எதிரே வந்தார். தோளில் பை.

"என்னண்ணே, ரெஸ்ட்டுன்னு சொன்னீங்க?"

"ரெஸ்ட்டுதான் சார். ஆக்டிவ் ரெஸ்ட். காலைல யோகா, சாயங்காலம் நீச்சல். மூணு மாசத்துக்குச் சேத்துக் கட்டுனா குறைச்சுக்கிறாங்க." பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "யோகா மாஸ்டருக்குத்தான் நான் நீந்துறது பிடிக்கல. பேசிக்கிட்டிருக்கேன்."