மோட்டிவேஷன் எந்த பஸ்ல வருது?

வாய்யா ராசா, உக்காரு. மோட்டிவேஷன் வரலைன்னு மொகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கியாம்ல, ஒங்காத்தா சொன்னா. அது எந்த பஸ்ல வருதுன்னு சொல்லு. எனக்கு முட்டு வலிதான், இருந்தாலும் பஸ்ஸ்டாண்டு வரைக்கும் போயி எறக்கிக் கூட்டியாந்துருவேன்.

ஜனவரி ஒண்ணாந்தேதி நீ போன்ல சொன்னது அம்புட்டும் எனக்கு ஞாபகம் இருக்கு. தெனம் காலையில ஓடப் போறேன்னே. அம்பது புஸ்தகம் படிக்கப் போறேன்னே. செர்மன் பாஷை, கித்தாரு, சம்பளத்துல கால்வாசி சேமிப்பு, சீனி போடாத காப்பி. நானும் சரிய்யா சரிய்யான்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். இம்புட்டையும் இவன் நெசமாவே முடிச்சுப்புட்டா இவனுக்குக் கோயில்ல கட்டணும், எடத்துக்கு எங்கே போவோம்னு எனக்கு ஒரே கவலை. நல்ல வேளை, அந்தச் செலவை நீ வைக்கல.

இப்ப ஆடி வந்துருச்சு. கித்தாரு பரண்ல கெடக்கு. ஓடுறதுக்குன்னு வாங்குன பூட்ஸுக்குள்ள பல்லி முட்டை வச்சிருக்காம். ஜிம்முக்கு ஒரு வருசப் பணத்தை மொத்தமாக் கட்டிட்டு மூணாவது வாரமே நின்னுட்டியாமே. அந்த ஜிம்காரன் ஒன்னைய மாதிரி ஆளுகளை நம்பித்தான் கடை நடத்துறான். பணம் கட்டுன எல்லாரும் ஒரே நாள்ல வந்து நின்னா அவனுக்கு நிக்க எடம் இருக்காது.

கேட்டா, ஆவணி பொறக்கட்டும் அப்பத்தாங்கிறே. ஆவணி என்ன ஒனக்குப் பதிலா ஓடப் போகுதா? ஒன் தங்கச்சி மதுரையில மனசாஸ்திரம் படிக்கிறாள்ல, அவதான் சொன்னா. அமெரிக்காவுலயும் இதே கூத்துதானாம். வருசப் பொறப்பு, மாசப் பொறப்பு, திங்கக்கெழமை, பொறந்தநாள் கழிஞ்ச மறுநாளுன்னு இப்படி ஒரு நாளு வந்தா ஜனம் கூட்டங்கூட்டமா ஜிம்முக்குப் போகுதாம். 2014-லயே ஆராஞ்சு எழுதிட்டாகளாம். ஆக, ஆரம்பிக்கிறதுக்கு ஒலகத்துல எவனுக்கும் வருத்தமில்ல. நீ வருசத்துக்கு நாலு தடவை ஆரம்பிக்கிற ஆளு. ஒனக்கு ஊக்கம் இல்லைன்னு சொன்னா நாக்கு அழுகிப் போகும்.

ஒனக்கு இல்லாதது வேற. வாசல்ல வந்து நின்னு கேக்குறதுக்கு ஆளு இல்ல.

ஒங்காத்தாவைப் பாரு. கையில காசு நிக்காது அவளுக்கு. உண்டியல்ல போட்டா ஊக்கை வச்சு நோண்டி எடுத்துருவா. ஆனா என் சீட்டுல ஒரு மாசம் பாக்கி வச்சிருக்காளா? கெடையாது. என்ன மாயம்? அஞ்சாந்தேதி காலையில நான் அவ வாசல்ல போயி நிப்பேன், அம்புட்டுத்தான் மாயம். வாயைத் தொறந்து பணம்னு கேக்க மாட்டேன். "என்னடி, கொழம்பு வாசம் வருது"ன்னு மட்டும் கேப்பேன். பணம் தானா வந்துரும். மத்த பொம்பளைக பாத்துக்கிட்டு இருக்காளுகல்ல! (பதியாம சீட்டு நடத்தக் கூடாதுன்னு 1982-லயே சட்டம் போட்டுட்டாகளாம். நீ படிச்ச பிள்ளை, எவன்கிட்டயும் போயி ஒளறி வைக்காத.)

இதை விடப் பெரிய கதை ஒங்க தாத்தா கதை. நீ அவுகளைக் குருசாமியாத்தான் பாத்துருக்கே. நெத்தி நெறைய திருநீறும் சரண கோஷமுமா. அதுக்கு முந்தின ஆளை எனக்குத்தான் தெரியும். நாளைக்கு ரெண்டு கட்டு பீடி. பொழுது சாஞ்சா கால் தன்னால கடைப்பக்கம் திரும்பும். கல்யாணமான புதுசுல விட்டுருங்கன்னு அழுதேன். ஒங்கப்பன் பொறந்ததும் அவன் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணாக. டாக்டரு நெஞ்சுப் படத்தை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுக் காட்டுனாரு. ஒண்ணுக்கும் அசையல. "நாளையில இருந்து"ம்பாக. அந்த நாளைக்குக் காலண்டர்ல தாளே கெடையாது.

அப்பேர்ப்பட்ட மனுசன், கார்த்திகை ஒண்ணாந்தேதி குருசாமி கையால துளசி மாலை வாங்கிப் போட்டுட்டாகன்னா ஆளே வேற. 41 நாளு. விடியுமுன்ன எந்திரிச்சுப் பச்சைத் தண்ணியில குளிப்பாக, சாயங்காலம் மறுபடியும் குளிப்பாக. வெறுந்தரையில துண்டை விரிச்சுப் படுப்பாக. செருப்பு கெடையாது, சவரம் கெடையாது, கவிச்சி கெடையாது. பீடிக்கட்டு மாடக்குழியிலயே கெடக்கும், கை போகாது. மத்த நாள்ல கொழம்புல உப்புக் கொறைஞ்சா தட்டு முத்தத்துக்குப் பறக்கும். மாலை போட்டாச்சுன்னா உப்பே இல்லைன்னாலும் "சாமி சரணம்"னு தின்னுட்டு எந்திரிச்சுப் போவாக. நான் வேணும்னே ரெண்டு நாளு உப்புப் போடாம வச்சுப் பாத்தேன். அந்தச் சந்தோசம் நமக்கு வருசத்துக்கு ஒரு தடவைதானேய்யா வருது.

அந்த 41 நாளைக்கும் அவுகளுக்கு மோட்டிவேஷன் எங்கேயிருந்து வந்துச்சு? டீக்கடைக்காரரு "வாங்க சாமி"ங்கிறாரு. கண்டக்டரு "சாமி, உள்ள போங்க"ங்கிறாரு. கடன் குடுத்தவன் கூட "மாலையைக் கழட்டுங்க சாமி, அப்புறம் பேசிக்கிருவோம்"னு போயிர்றான். பெத்த பிள்ளை அப்பான்னு கூப்பிடாம சாமிங்குது. ஊரே சேந்து ஒரு ஆளைச் சாமி சாமின்னா, அந்த ஆளு எந்த மொகத்தோட கடைக்குள்ள நொழையிறது? கறுப்பு வேட்டி வேற, முக்குல திரும்புறப்பயே காட்டிக் குடுத்துரும். பாதி சாமி பயம், பாதி ஊரு பயம். அதுல எது பெரிய பாதின்னு என்கிட்டக் கேக்காத, தெய்வக் குத்தம் ஆயிரும்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. மாலை போடுற அன்னிக்கே அதைக் கழட்டுற தேதி தெரியும். ஆயுசுக்கும் குடிக்காதன்னா மனுசனுக்கு நெஞ்சை அடைக்குது. இத்தனை நாளைக்குன்னு சொல்லிப் பாரு, "இம்புட்டுத்தானா"ன்னு நிமிந்து உக்காருறான்.

சரி, மலைக்குப் போயிட்டு வந்து மாலையைக் கழட்டுன அன்னிக்குச் சாயங்காலம் என்ன நடக்கும்னு நெனைக்கிறே? அதே காலு, அதே கடை. 41 நாள் பாக்கியை வட்டியோட வசூல் பண்ணிட்டுத்தான் வீட்டுக்கு வருவாக. ஒரு வருசமில்ல, ரெண்டு வருசமில்ல. இந்தப் பிறவிக்கு நமக்குக் கார்த்திகை மாசத்துப் புருசன்தான்னு நானும் மனசை ஆத்திக்கிட்டேன்.

பதினெட்டாம் மலையிலதான் கதை திரும்புச்சு. 18 வருசம் போனவுக தென்னங்கன்னு கொண்டு போயி மலையில வச்சுட்டு வருவாகள்ல, இவுகளும் வச்சுட்டுக் குருசாமியாத் திரும்பி வந்தாக. அடுத்த கார்த்திகைக்கு ஊர்ப் பயலுக பூராம் மாலை போட்டுக்கிட இவுககிட்ட வரிசை கட்டி நிக்கிறானுக. தட்டுல தச்சணை வச்சுக் கால்ல விழுறானுக. அதோட போச்சா? சித்திரையில பாத்தாலும் "குருசாமி"ங்கிறான், ஆடியில பாத்தாலும் "குருசாமி"ங்கிறான். முந்தி 41 நாளைக்குத்தான் காவலு, இப்ப வருசம் பூராவும் காவலுன்னு ஆயிப்போச்சு. கால்ல விழுந்து எந்திரிக்கிறவன் மூஞ்சியிலயா பீடிப் பொகையை ஊதுறது? கொஞ்ச நாளு கொல்லைப்பக்கம் மாட்டுக் கொட்டத்துக்குப் பின்னால நின்னு ஊதிப் பாத்தாக. அங்கேயும் ஒருத்தன் "குருசாமி இருக்காகளா"ன்னு வந்து நின்னான். அன்னியோட பீடியும் போச்சு, கடையும் போச்சு. என் கண்ணீருக்கு அசையாத ஆளு ஒரு பட்டத்துக்கு அசைஞ்சுட்டாகளேன்னு எனக்கு இன்னைக்கும் ஒரு வயித்தெரிச்சல் உண்டு.

ஒன் தங்கச்சிகிட்ட இதைச் சொன்னேன். ஒரு பழக்கம் படியிறதுக்கு எத்தனை நாளு ஆகும்னு வெள்ளைக்காரன் கணக்கே வச்சிருக்கான் அப்பத்தான்னா. 21 நாள்னு நீ ஒரு கதை சொல்லுவியே, அது 1960-ல மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு அமெரிக்க டாக்டரு எழுதுனதுல இருந்து கெளம்புனதாம். மூக்கை, மொகத்தைச் சரி பண்ற டாக்டரு அவரு. அறுத்துத் தச்ச புது மூக்கு கண்ணாடியில பழகுறதுக்குக் கொறைஞ்சது 21 நாள் ஆகுதுன்னு எழுதி வச்சாரு. நம்மாளுக அந்தக் கொறைஞ்சதை வெட்டி எறிஞ்சுட்டு, மூக்கையும் விட்டுப்புட்டு, எதைச் செஞ்சாலும் 21 நாள்ல வந்துரும்னு மேடை போட்டுப் பேசிக்கிட்டுத் திரியிறாக. அப்புறம் லண்டன்ல ஒரு யுனிவர்சிட்டியில 96 பேரை வச்சு 12 வாரம் பாத்தாகளாம். நடுவாந்தரமா 66 நாள் ஆச்சாம். சில பேருக்கு 18, சில பேருக்கு 254 நாளு ஆகும்னு கணக்கு வந்துச்சாம். தண்ணி குடிக்கிற பழக்கம் சீக்கிரம் படிஞ்சுதாம், ஒடம்பை வளைக்கிறது இழுத்துக்கிட்டே போச்சாம். இதைச் சொல்ல லண்டனுக்கு எதுக்குப் போகணும்? ஒன் தொப்பையைப் பாத்து நானே சொல்லியிருப்பேன்.

ஆனா அவுக சொன்னதுல ஒண்ணு எனக்குப் புடிச்சுது. நடுவுல ஒரு நாளு விட்டுப்போனா ஒண்ணும் கெட்டுப் போறதில்லையாம். விரதம் வேற, இது வேற. நீ என்ன பண்றே? ஒரு நாளு மழை பேஞ்சு ஓடலைன்னா, தீட்டுப்பட்ட மாதிரி மூலையில உக்காந்துர்றே. எல்லாம் போச்சு, இனி தை மாசந்தான்னு போர்வையை இழுத்துப் போத்திக்கிர்றே. ஒரு வேளை சோறு தின்னலைன்னா சட்டியைப் போட்டு ஒடைப்பாங்களாய்யா?

பீட்டர் கோல்விட்சர்னு ஒருத்தரைப் பத்தியும் ஒன் தங்கச்சி சொன்னா. நீ கத்துக்கப் போறேன்னியே, அந்தப் பாஷைக்காரரு. காலேசுப் பிள்ளைககிட்ட, கிறிஸ்துமசுக்கு மொத நாளை எப்படிக் கழிச்சேன்னு எழுதி ரெண்டு நாளுக்குள்ள அனுப்புங்கன்னு சொல்லியிருக்காரு. பாதிப் பேரை, எப்ப, எந்த எடத்துல உக்காந்து எழுதப் போறேன்னு முன்கூட்டியே குறிச்சுக்கச் சொல்லிட்டாரு. குறிச்சவுகள்ல முக்கால்வாசிப் பேரு அனுப்பிட்டாக. சும்மா சரின்னு தலையாட்டுனவுகள்ல மூணுல ஒருத்தருதான் அனுப்புனாக. நீ தலையாட்டுற கோஷ்டி. "காலையில ஓடுவேன்"ங்கிறே. காலைன்னா எது? கோழி கூவுற காலையா, ஒன்பதரை மணிக்கு நீ கண்ணைத் தொறக்குற காலையா?

அதே மனுசன் இன்னொண்ணும் கண்டு சொல்லியிருக்காரு, 2009-ல. நான் இப்படி ஆகப் போறேன்னு அடுத்தவுககிட்டச் சொல்லி, அவுக அதைக் கேட்டுக்கிட்டாலே, பாதி ஆயிட்ட மாதிரி மனசு குளுந்துபோயி வேலை கொறைஞ்சுருதாம். நீ பூட்ஸைப் படம் புடிச்சு ஸ்டேட்டஸ்ல போட்டே, அறுபது பேரு ஹார்ட்டு விட்டாக. ஓடாமலே ஓடுன சொகம். அப்புறம் எதுக்கு ஓடணும்? அதுக்காக மூடி மறைச்சுச் செய்யின்னு நான் சொல்லல, ஒங்க தாத்தா ஊரறிய வேட்டி கட்டுன ஆளு. சொல்ற ஆளைப் பாத்துச் சொல்லணும். கை தட்டுறவன்கிட்டச் சொல்லாத. மறுநாள் காலையில "ஏன்யா வரல"ன்னு கேக்குற, வாய் நீண்ட ஆளாப் பாத்துச் சொல்லு. அப்பிடி ஆளுக்கு நம்ம வம்சத்துல பஞ்சமே இல்ல.

பணத்தை வச்சும் காவல் போட்டுப் பாத்துருக்காக. பிலிப்பைன்ஸ்ல சிகரெட்டை விட நெனைச்சவுகளுக்கு ஒரு பேங்கு சீட்டு மாதிரி ஒண்ணு நடத்துச்சாம். ஆறு மாசம் பணத்தைப் போட்டுக்கிட்டே வரணும். கடைசியில மூத்திரத்தைச் சோதிப்பாக. சுத்தமா இருந்தா பணம் திரும்பி வரும், இல்லைன்னா தர்மத்துக்குப் போயிரும். நூறு பேருகிட்டச் சொன்னா 11 பேருதான் சரின்னு வந்தாகளாம். பாத்தியா, பணத்தை எடுத்து வைன்னதும் 89 பேருக்கு மோட்டிவேஷன் எறங்கிப் போச்சு. ஆனா இந்தச் சீட்டைப் பத்திச் சொல்லாத ஆளுகளை விட, சொன்ன ஆளுகள்ல சிகரெட்டை விட்டவன் கணக்கு கூடித்தான் இருந்துச்சாம், ஒரு வருசம் கழிச்சுத் திடீர்னு போயிச் சோதிச்சப்பவும்.

எனக்கு அந்தத் தர்மந்தான் சரியாப் படல. தோத்த காசு அனாதை ஆசிரமத்துக்குப் போனா, போகட்டும் புண்ணியம்னு நீ தேத்திக்கிருவே. ஆகாதவன் கைக்குப் போகணும். ஒன் சின்ன மாமன் இருக்கான்ல, தங்கச்சி சடங்குல சாம்பாரு தண்ணியா இருந்துச்சுன்னு மூணு ஊருக்குச் சொன்னவன், அவன்.

ஆறு காரியத்துல அஞ்சைத் தூக்கிப் பரண்ல போடு, கித்தாருக்குத் தொணையா இருக்கட்டும். செர்மன் ஒனக்கு வேண்டிய பாஷையே இல்ல, ஒன் சேக்காளி அங்கே வேலைக்குப் போனான்னு நீயும் கெளம்புனே. சக்கரை எல்லைக்கோட்டுல நிக்குதுன்னு டாக்டரு சொன்னாருல்ல, அதனால நடை மட்டும். ஓட்டம் கூட வேணாம். காலையில பால் பாக்கெட் எடுக்கக் கீழே எறங்குவேல்ல, எறங்குன ஆளு திரும்பி மாடி ஏறக் கூடாது. பாலை வாச்மேன்கிட்டக் குடுத்துட்டு அப்படியே தெரு முனை தாண்டிப் போயிட்டு வா. நாளையில இருந்து 41 நாளு. போற வழியில எனக்கு வீடியோ கால் போடு. பின்னால ரோடு தெரியணும், தலகாணி தெரிஞ்சா மாமன் கணக்குல 500. லண்டன்காரன் சொன்னதுக்காக வாரத்துக்கு ஒரு நாள் மாப்பு. அதுக்கு மேல என்கிட்டப் பேரம் பேசாத, நான் இருபது பொம்பளைகளை வச்சு சீட்டு நடத்துறவ.

எடு அஞ்சாயிரம். போன்ல அனுப்புறேங்கிற கதையெல்லாம் வேணாம், எனக்கு நோட்டா வேணும், சுருக்குப் பையில கனம் தெரியணும். என்னது, கையில இல்லையா? முக்குல ஏடிஎம் இருக்கு, நடந்து போயி எடுத்துட்டு வா. வண்டிச் சாவியை இங்கே வச்சுட்டுப் போ.