மாமாவைக் கேளுங்கள்: ஜிப்ராக்கா, சாந்தா?

வென்ட்வொர்த்வில் வாசகர்: வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை இழுத்துக் கட்டுகிறோம். பில்டர் ஜிப்ராக் என்கிறார். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, "இது சுவரா, அட்டைப்பெட்டியா?" என்கிறார். யார் சொல்வது சரி?

இருவரும். ஜிப்ராக் என்பது இரண்டு காகிதத்துக்கு நடுவே ஜிப்சம், மொத்தம் 10 மில்லிமீட்டர். அட்டைதான். ஆனால் கூரையைத் தாங்குவது அதன் வேலையே இல்லை. பின்னால் 450 அல்லது 600 மில்லிமீட்டருக்கு ஒன்றாக நிற்கும் மரச்சட்டங்கள் தாங்குகின்றன. வெளியே தெரியும் செங்கல்கூடப் பல வீடுகளில் ஒப்பனைதான். இதை அப்பாவிடம் சொல்லாதீர்கள். ராத்திரி தூங்கமாட்டார்.

டூங்காபி மருமகன்: மாமனார் காரைக்குடி. "எங்கள் சுவரில் கருப்பட்டி, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு உண்டு. உங்கள் சுவரில் என்ன உண்டு?" என்று கேட்கிறார்.

சர்க்கரை ஆலையே உண்டு என்று சொல்லுங்கள். 1940களில் ஜிப்ராக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்த சி.எஸ்.ஆர்., 1855இல் சிட்னியில் தொடங்கிய காலனியல் சுகர் ரிஃபைனிங் கம்பெனி. நாம் சுவருக்குள் வெல்லத்தை வைத்தோம். இங்கே வெல்லக்காரரே சுவருக்கு வந்துவிட்டார்.

மாமனார் முகம் வாடினால் இதையும் சொல்லுங்கள்: வெல்லமும் கடுக்காயும் சேர்ந்த சென்னைச் சாந்தின் பக்குவத்தை செயின்ட் ஹெலினா கவர்னர் ஐசக் பைக் எழுதி அனுப்ப, 1730களிலேயே லண்டன் ராயல் சொசைட்டி அச்சில் ஏற்றியது. காபிக்குச் சர்க்கரை கூடுதலாகக் கிடைக்கும்.

அதே மருமகன்: அந்தக் கம்பெனி இன்னும் சர்க்கரை விற்கிறதா?

2010இல் அதைக் கைகழுவிவிட்டார்கள். 2024இல் கம்பெனியையே செயின்ட் கோபேன் வாங்கிக்கொண்டது. ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடி செய்யும் அதே பிரெஞ்சுக்காரர்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஒருவழியாக ஊர் போய்ச் சேர்ந்தது.

கிளேட்டன் வாசகி: காகிதம் ஒட்டிய சுவர். தீப்பிடித்தால் கதி?

பயம் வேண்டாம். ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர், வேதிப்பிணைப்பில் கட்டுண்டு கிடக்கிறது. சூடு ஏறினால் அது ஆவியாகி வெளியேறும். அது தீரும்வரை நெருப்பு காத்திருக்க வேண்டியதுதான். கராஜுக்கும் வீட்டுக்கும் நடுவே என்றால் தடிமன் கூடிய தீத்தடுப்பு போர்டு கேளுங்கள்.

தீயில் தண்ணீர் விடும் இந்தச் சுவர், தண்ணீரில் உயிரை விடும். 2022 வெள்ளத்தில் லிஸ்மோரிலும் மெல்போர்னின் மாரிபிர்னாங் கரையிலும் தெருவோரம் மலையாகக் குவிந்து கிடந்ததில் இந்த அட்டையும் உண்டு. குளியலறையில் ஃபைபர் சிமென்ட் பலகை போடச் சொல்லுங்கள், அதன்மேல் நீர்த்தடுப்புப் பூச்சு, அதற்கும் மேல் டைல். இந்த வரிசையில் எதையாவது "தேவையில்லை" என்பவரை நீங்களும் தேவையில்லை என்று சொல்லிவிடலாம்.

கார்ல்டன் வாசகர்: விக்டோரியா ராணி காலத்து டெரஸ் வீடு. பழைய பூச்சு உப்புப் பூத்து உதிர்கிறது. மேலேயே ஜிப்ராக் ஒட்டி மூடிவிடலாமா?

சொறிக்குச் சட்டை மாட்டுவதா? உள்ளே சொறி வளரும்.

அந்தக் காலச் சுவர்கள் பலவற்றில் ஈரம் ஏறாமல் தடுக்கும் அடுக்கு இல்லை, அல்லது இருந்து செத்துப்போயிருக்கும். மண்ணின் ஈரம் செங்கல் வழியே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை வாங்கி வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வழி தேடி இன்னும் உயரே ஏறும். ஆகவே முதலில் ஈரத்துக்கு வைத்தியம், பிறகு சுண்ணாம்பு தெரிந்த கொத்தனார். பின்னால் புதிதாகக் கட்டும் பகுதிக்கு ஜிப்ராக் தாராளமாகப் போடலாம்.

பழையதும் புதியதும் சேரும் இடத்தில் ஒரே பூச்சாக இழுத்துவிடாதீர்கள், இணைப்பு இடைவெளி விடச் சொல்லுங்கள். இரண்டு அஸ்திவாரமும் ஒரே தாளத்துக்கு ஆடாது. மெல்போர்னின் மேற்குப் பக்கக் களிமண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் ரகம். அங்கே விரிசலுக்கு ஜாதகமே பார்க்க வேண்டாம்.

பாடிங்டன் வாசகர்: சிட்னியின் ஆதிச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது?

சிப்பியைச் சுட்டு. நம் ஊர் கிளிஞ்சல் சுண்ணாம்பு மாதிரிதான். பூர்வகுடிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தின்று குவித்த சிப்பிமேடுகளை வந்தவர்கள் அள்ளிச் சூளையில் போட்டார்கள். விலை கொடுத்ததாகத் தகவல் இல்லை.

ஹோம்புஷ் வாசகி: அண்ணை, சாமித்தட்டு பூட்ட எண்டு ஆணி அடிச்சன். சுவர் பொத்துப் போச்சு. என்ன செய்யிறது?

நீங்கள் அடித்தது சுவரில் இல்லை அக்கா, காற்றில். ஒரு காந்தத்தை மெல்ல நகர்த்துங்கள், ஒட்டுகிற இடத்தில் திருகாணி இருக்கும், திருகாணிக்குப் பின்னால் சட்டம் இருக்கும். புதிதாகக் கட்டுபவர்கள், அட்டை ஏறுமுன்பே சாமித்தட்டு, டிவி, தாத்தா பிடித்து நடக்கும் கைப்பிடி எல்லாவற்றுக்கும் இடம் சொல்லிக் குறுக்குக் கட்டை வைக்கச் சொல்லுங்கள். மூடுமுன் அளவு நாடாவோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையார் உலகையே தாங்குவார். ஜிப்ராக் பிள்ளையாரைத் தாங்காது.

கிளென் வேவர்லி வாசகர்: எது சீக்கிரம் முடியும்?

அட்டை. சிமென்ட் பூச்சுக்கு வண்ணம் அடிக்க 28 நாள் காத்திருக்கச் சொல்வார்கள். அட்டைக்கு இணைப்புகளில் நாடா ஒட்டி மூன்று கை பூசித் தேய்த்தால் ஆயிற்று. ஒவ்வொரு கையும் காய வேண்டும் என்பதை மறக்காதீர்கள். மெல்போர்ன் ஜூலையில் "நாளைக்குக் காய்ந்துவிடும்" என்பது தேர்தல் வாக்குறுதி.

பென்டில் ஹில் வாசகர்: கூரையோரம் கார்னிஸ் வேண்டாம், நேராக முடியுங்கள் என்றேன். விலையை ஏற்றிவிட்டாரே?

ஏற்றாமல்? கார்னிஸ் பத்து தப்பை மறைக்கும். எடுத்துவிட்டால் தப்பே செய்யாமல் வேலை பார்க்க வேண்டும்.

பாயின்ட் குக் வாசகர்: யூடியூப் பார்த்து நானே செய்யலாமா?

சுவர் செய்யலாம். கூரைக்குப் பெரிய பலகையைத் தலைக்குமேல் தூக்கி, மறுமுனையை மச்சான் பிடிப்பான் என்று நம்பினால் மருத்துவக் காப்பீடும் எடுத்துக்கொள்ளுங்கள். விக்டோரியாவில் வேலையின் மதிப்பு 16,000 டாலரைத் தாண்டினால் ஓனர்-பில்டர் ஒப்புதல் வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் 10,000 தாண்டினாலே அனுமதி.

சிரிக்காமல் ஒன்று: 1990க்கு முந்திய வீடு என்றால் பழைய சுவரைப் பரிசோதிக்காமல் உடைக்காதீர்கள். ஃபைப்ரோ என்னும் பழைய சிமென்ட் பலகையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். முழுத்தடை வந்ததே 2003 கடைசியில்தான்.

மேஸ் ஹில் வாசகர்: தமிழ்நாட்டில் ஜிப்சம் வீடு எடுபடுமா?

ஐஐடி மெட்ராஸ் வளாகத்திலேயே 2013இல் இரண்டு மாடி எழுப்பிக் காட்டிவிட்டார்கள். 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், கண்ணாடியிழை கலந்த ஜிப்சம் பலகை, உள்ளே கூடு. தேவையான கூடுகளில் கான்கிரீட் ஊற்றினால் மாடியையே தாங்கும். மூலப்பொருள் உர ஆலைக் கழிவு, தொழில்நுட்பம் ஆஸ்திரேலியா. நம் பையன்கள் இங்கே வருகிறார்கள், இவர்கள் சுவர் அங்கே போகிறது. கணக்கு நேர்.

டார்னீட் வாசகி: பையன் அரங்கேற்றத்துக்கு மிருதங்கம் சாதகம் செய்கிறான். அவன் அறைக்கு எந்த போர்டு?

அடர்த்தி கூடிய ஒலித்தடுப்பு போர்டு, முடிந்தால் இரட்டையாக. உள்ளே இன்சுலேஷன் பஞ்சு, ஓரமெல்லாம் சீலன்ட். அத்தனையும் செய்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கச் சொல்லுங்கள். பையன் கேட்கமாட்டான். சுவராவது கேட்கும்.