யானைக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதம்

ஈப்போவுக்கு வந்துவிட்டு, புந்தோங் பக்கம் போய்க் கச்சாங் பூத்தே வாங்காமல் திரும்பினால் பாவம் வந்து சேரும். அந்தக் காலத்துக் கடைக்காரர் பழைய பேப்பரைக் கிழிப்பார், விரலில் ஒரு சுற்று, அடியில் ஒரு முறுக்கு, கடலையைக் கொட்டி நீட்டுவார். மூன்று விநாடி வேலை. இதே சுற்றையும் முறுக்கையும் விளக்கு வெளிச்சத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு, மணிக்கணக்காகச் செய்தவர்கள் யார் தெரியுமா? யானை வேட்டைக்குக் கிளம்பிய துரைமார்கள்!

நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானும் முதலில் நம்பவில்லை. தோட்டத்து ஆளுக்குத் தோட்டாவைப் பற்றி என்ன தெரியும்?

பழைய போட்டோக்களில் துரை எப்படி நிற்பார்? தொப்பி, மீசை, செத்த மிருகத்தின் மேல் ஒரு பூட்ஸ் கால். ஓரத்தில், துப்பாக்கியைச் சுமந்து வந்த ஆள், பெயரில்லாமல். இவ்வளவு கம்பீரத்துக்கும் ஆதாரமான கத்தரிக்கோலும் காகிதமும் மட்டும் எந்தப் படத்திலும் இருக்காது. தையல்காரர் மாதிரி தெரிந்துவிடுமே!

விஷயம் இதுதான். அந்தக் காலத்துத் துப்பாக்கிக் குழலுக்குள் திருகாணி மாதிரி மரை ஓடும். குண்டு சுழன்று, நேராகப் போவதற்கு. ஆனால் ஈயம் மெத்தென்ற சாமான். வேகமாகத் தள்ளினால் குழல் முழுக்கத் தன்னைப் பூசிவிட்டுப் போகும். போதாததற்குக் கருமருந்து. வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. எரிந்த பிறகும் பாதிக்கு மேல் கசடும் புகையுமாக மிஞ்சும். நாலு வேட்டுப் போட்டால் குழல், பிள்ளையார் கோயில் விளக்கு மாடம் மாதிரி ஆகிவிடும். அதனால் குண்டுக்கு ஒரு சட்டை போட்டார்கள். காகிதச் சட்டை!

சட்டை தைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பருத்திக் கந்தலில் செய்த மெல்லிய, உறுதியான காகிதம் வேண்டும். அதை இரண்டு முனையும் சரிவாக, பர்பி வில்லை போடுவது போல் நறுக்க வேண்டும். நனைத்து, குண்டைச் சுற்றி இரண்டே இரண்டு சுற்று. ஆரம்பமும் முடிவும் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் குண்டுக்கு ஒரு பக்கம் தொந்தி விழும். மிச்சத்தை அடியில் முறுக்கியோ மடித்தோ விட்டால், காயும்போது தானே இறுகிக்கொள்ளும். மாப்பிள்ளைக்குப் பஞ்சகச்சம் கட்டிவிடும் மாமாவுக்குக்கூட இவ்வளவு டென்ஷன் இருந்திருக்காது.

காயும்போது என்றேன். மழைக்குப் பேர்போன தைப்பிங்கில் துவைத்துப் போட்ட வேட்டி என்றைக்குக் காய்ந்தது என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்.

சோம்பேறிகளுக்காக லண்டன் ஈலி கம்பெனி ரெடிமேடாகவும் விற்றது. ஆனால் அசல் பந்தாப் பேர்வழி தானேதான் சுற்றுவார். வலப்பக்கம் சுற்றுவதா, இடப்பக்கம் சுற்றுவதா, மரை திரும்பும் திசையிலா, எதிர்த் திசையிலா என்று சண்டை வேறு. நம்ம குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பிரியாணிக்குத் தேங்காய்ப்பால் ஊற்றலாமா என்று நடக்கிற சண்டை மாதிரி, இன்னும் முடிந்தபாடில்லை.

ஒரு ரகசியம் சொல்கிறேன். இத்தனை பாடுபட்டுச் சுற்றிய சட்டை, குண்டு குழலை விட்டு வெளியே வந்ததும் சுக்குநூறாகக் கழன்று பறக்க வேண்டும். ஒட்டிக்கொண்டே போனால் குண்டு கோணலாகப் போகும். பழகும்போது சுட்டுவிட்டு, துரை குனிந்து புல்லில் காகிதத் துணுக்கு பொறுக்குவார். மரை வரியில் சீராக அறுந்திருந்தால் முகத்தில் சிரிப்பு. பேரரசைக் கட்டியாள வந்தவர், கல்யாண வீட்டு மறுநாள் வாசல் கூட்டுகிற ஆள் மாதிரி!

(வாசகர்கள் வீட்டில் முயல வேண்டாம். மலேசியாவின் 1971-ஆம் வருஷச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கு 14 வருஷம் வரை உள்ளே. கூடவே ரோத்தான், ஆறு அடிக்குக் குறையாமல். காகிதத்துக்குத் தண்டனை இல்லை.)

காகிதத்தைக் குறைத்து எடைபோட வேண்டாம். 1857-ல் என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டாவும் காகிதம்தான். அதன் கீழ்ப்பாதி கொழுப்புத் தடவி, குண்டைச் சுற்றியபடியே குழலுக்குள் போகும். மேல் நுனியைச் சிப்பாய் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். கொழுப்பு பசுவா பன்றியா என்று வதந்தி கிளம்பியது. பிறகு நடந்தது பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிறது. கம்பெனி ஆட்சியையே காலி பண்ணியது குண்டு இல்லை, அதன் சட்டை.

1871-ல் வந்த மார்ட்டினி ஹென்றி ராணுவத் துப்பாக்கிக்கும் காகிதச் சட்டைதான். குண்டு ஒவ்வொன்றும் 480 கிரெய்ன், ஏறக்குறைய நாலு பவுன் எடை. 12 பங்கு காரீயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம். வெள்ளீயமா? லாருட்டிலும் கிந்தாவிலும் மண்ணைக் கிளறினால் வருவது அதுதானே! எங்கள் ஊர் ஈய லம்பத்துச் சரக்கு சீமைக்குப் போய், குண்டாகித் திரும்பி எங்கள் ஊர் யானைக்கே வந்திருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். ரிட்டர்ன் டிக்கெட்!

பேராக்கில் காகிதம் செய்த இன்னொரு வேலையும் உண்டு. முதல் ரெசிடெண்ட் ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச் இலங்கையில் இருபது வருஷத்துக்கு மேல் உத்தியோகம் பார்த்துவிட்டு வந்தவர். நோட்டீஸ் ஒட்டினால் ஊர் அடங்கிவிடும் என்பது அவர் நம்பிக்கை. 1875 நவம்பர் 2, பாசிர் சாலாக். நோட்டீஸை ஒட்டச் சொல்லிவிட்டு, ஆற்றோரக் குளியல் கொட்டகைக்குள் போனார். வெளியே ஒட்டினார்கள், கிழித்தார்கள். பிறகு கொட்டகைக்குள் ஈட்டி பாய்ந்தது. கூட வந்த கடற்படை லெப்டினென்ட் அபட் அந்நேரம் எங்கே? அக்கரையில், துப்பாக்கியோடு, வேட்டைக்கு!

வேட்டைக்கு வருவோம். துரை சுட்டார். அப்புறம்? புகை. கருமருந்துப் புகை நம் காட்டு ஈரத்தில் வெள்ளைத் திரை மாதிரி அப்படியே நிற்கும். திரைக்கு அந்தப் பக்கம் யானை விழுந்திருக்கலாம். இல்லை, இந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கலாம். இரண்டில் எது என்று தெரியும்வரை துரைக்கு வெள்ளைக்காரச் சாமி, உள்ளூர்ச் சாமி எல்லாம் ஒன்றுதான்.

1880-களில் செப்புக் கவசம் போட்ட குண்டும் புகையில்லாத மருந்தும் வந்தன. காகிதச் சட்டையை மெல்லப் பெட்டியில் மடித்து வைத்தார்கள். ஆனால் அதற்கு முன்னால் அது ஒரு பெரிய பெயருக்குள் நுழைந்துவிட்டிருந்தது. 1856-ல் லண்டன் துப்பாக்கிக்காரர் ஜேம்ஸ் பர்டி, தன் அதிவேகத் துப்பாக்கிக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘எக்ஸ்பிரஸ் டிரெயின்’! வேகத்துக்கு அன்றைக்கு அதைவிடப் பெரிய உவமை கிடையாது. வேட்டைக்காரர்கள் டிரெயினைக் கழற்றிவிட்டு, எக்ஸ்பிரஸை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்த எக்ஸ்பிரஸ் துப்பாக்கிகளின் லேசான, வேகமான குண்டுகள் காகிதச் சட்டை போட்டுக்கொண்டுதான் காட்டுக்குள் போயின.

இந்த உவமை பேராக் யானைக்குத் தெரியாது. அல்லது அரைகுறையாகக் காதில் விழுந்ததோ என்னவோ. 1894 செப்டம்பர் 17. தெலுக் ஆன்சன், அதாவது இன்றைய தெலுக் இந்தான். ரயில் வந்தே ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஓர் ஆண் யானை, தன் கூட்டத்தைக் காப்பாற்ற, துப்பாக்கியை விட்டுவிட்டு நேராக டிரெயின் மேலேயே பாய்ந்தது. டிரெயின் தடம் புரண்டது. யானையும் செத்தது.

ஊருக்கு ஊர் யானையைச் சுட்டுத் தள்ளிய காலத்தில், இந்த யானையை மட்டும் மரியாதையாகப் புதைத்துப் பலகை வைத்தார்கள். கூட்டத்தைக் காக்க ரயிலை மோதிக் கவிழ்த்த காட்டு யானை இங்கே புதைக்கப்பட்டிருக்கிறது என்று, தேதியோடு. அந்த ரயில் பாதையில் இப்போது ரயில் ஓடுவதில்லை. பலகை நிற்கிறது. பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். பூட்ஸ் காலைத் தூக்கி வைக்கத்தான் அங்கே ஒன்றும் இல்லை.