ரீஃபண்ட்தாசர்

எல்லா அபார்ட்மென்ட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். அசோசியேஷன் செயலாளர்கூட அவரைக் கண்டால் லிஃப்டை விட்டுவிட்டு மாடிப்படி ஏறுவார். தப்பித் தவறி லிஃப்டில் மாட்டிக்கொண்டால், மூன்றாவது மாடி வருவதற்குள் 80சி-யில் ஆரம்பித்து நிதிப் பற்றாக்குறையில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். சட்டைப்பையில் இரண்டு பேனா, கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். இவரை ரீஃபண்ட்தாசர் என்று வைத்துக்கொள்வோம்.

தாசருக்குப் பெரிய பண்டிகை பிப்ரவரி 1. காலை பதினோரு மணிக்கு நிதியமைச்சர் எழுந்து நிற்கும்போது இவர் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கட்டம் போட்டுத் தயாராக இருப்பார். "அந்தக் காலத்துல பட்ஜெட்டுன்னா சாயங்காலம் அஞ்சு மணி. 1999-ல யஷ்வந்த் சின்ஹாதான் மாத்தினார்" என்பது வருடா வருடம் தவறாமல் வரும் முன்னுரை. விவசாயம், ரயில்வே, ராணுவம் பற்றி அறிவிப்பு வந்தால் காபி குடிக்கப் போவார். "வருமான வரி" என்ற சொல் காதில் விழுந்ததும் சமையலறைப் பக்கம் திரும்பி ஒரு "உஷ்!" போடுவார். குக்கர் மட்டும் அதை மதிக்காது.

"உங்களுக்கெல்லாம் என்னப்பா தெரியும்? எழுபதுகள்ல உச்சபட்ச வரி நூத்துக்கு 97.75!" என்று இளைஞர்களை மிரட்டுவார். அந்த விகிதம் இரண்டு லட்சத்துக்கு மேல் சம்பாதித்தவர்களுக்கு. தாசரின் அப்பா அப்போது வாங்கிய சம்பளத்தில் மாதக் கடைசியில் கைமாற்று வாங்காமல் இருந்ததே பெரிய விஷயம்.

தாசரின் வித்தை முழுதும் ப்ரூஃப் சீசனில் தெரியும். ஜனவரி பிறந்ததும் எல்ஐசி ரசீது, பிபிஎஃப் பாஸ்புக், மெடிக்ளெய்ம் என்று மேசை நிறைந்துவிடும். குடியிருக்கும் ஃபிளாட் அம்மா பேரில் இருப்பதால் வாடகை ரசீது எழுதுவதும் இவரே. மாத வாடகை 8,300 ரூபாய். பல வருடங்களாக அதே தொகை. வருடத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணைக் கேட்பார்கள் என்பதால் சென்னையிலேயே வாடகை ஏறாத ஒரே வீடு அது. ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பை நாக்கில் தொட்டு ஒட்டி, அம்மாவிடம் நீட்டுவார்.

"வாடகை பெற்றுக்கொண்டேன்னு போட்டிருக்கே, காசு எங்கேடா?"

"அது உன் மருந்துச் செலவுக்குச் சரியாப் போச்சும்மா."

"மருந்து என் பென்ஷன்லதானேடா வாங்கறே?"

"லேட்டாகுது, கையெழுத்தைப் போடும்மா."

இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த ரசீதுகளை ஆபீசில் முழுசாகக் கொடுத்துவிடவும் மாட்டார். எல்லாவற்றையும் கொடுத்தால் சம்பளத்தில் பிடித்தம் குறைந்துவிடும். ரீஃபண்ட் எங்கிருந்து வரும்? ஆகவே ஒன்றிரண்டை ஒளித்துவைத்து, ஜூலையில் ரிட்டர்னில் காட்டுவார். பிறகு ஆதார் ஓடிபி போட்டுச் சரிபார்த்துவிட்டு, போர்ட்டலைத் திறந்து திறந்து பார்ப்பார். அவருடைய அரசியல் அங்கேதான் தயாராகிறது.

முதல் வாரம் அவர் ஆளுங்கட்சி. "எல்லாம் ஆன்லைன் சார், பெங்களூருல உட்கார்ந்துக்கிட்டே முடிச்சிடறான்!" இரண்டாவது வாரம் நடுநிலை. மூன்றாவது வாரமும் 'பரிசீலனையில் உள்ளது' என்றே காட்டினால் மாநில சுயாட்சி பிறந்துவிடும். "நாம ஒரு ரூபா கொடுத்தா 29 பைசாதான் திரும்பி வருது" என்று 2024 தேர்தலில் உதயநிதி ஸ்டாலின் மேடைக்கு மேடை சொன்னதைத் தாசர் வாட்ஸ்அப் குழுவில் ஏற்றுவார். எதிர் ஃபிளாட்காரர், "பின்தங்கிய மாநிலங்களுக்கும் கொடுக்க வேண்டாமா?" என்று கேட்டால் நள்ளிரவு வரை சண்டை. மறுநாள் காலை வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வரும். "என்ன இருந்தாலும் தேசம் முக்கியம் சார்" என்று ஒரு கொடிப் படத்தோடு விவாதம் முடியும்.

"நம்ம பணத்தை வருஷம் பூரா வச்சிருந்துட்டு நமக்கே கொடுக்கறான். மளிகைக்கடைக்காரர் மீதிச் சில்லறை கொடுத்தா சூடம் ஏத்துவீங்களா?" என்பார் மனைவி.

"வட்டியும் சேர்த்துக் கொடுத்திருக்கான். மாசத்துக்கு அரை சதவீதம்!"

அந்த வட்டிக்கும் வரி உண்டு என்பதை அவர் வீட்டில் சொல்வதில்லை.

இப்படிப்பட்டவர் தலையில்தான் 2025 பட்ஜெட் வந்து இறங்கியது. புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை. சம்பளக்காரர்களுக்கு நிலைக்கழிவு 75,000-த்தையும் சேர்த்தால் 12.75 லட்சம். தாசர் தானே கையெழுத்திட்டது போல லட்டு வாங்கி வந்தார். "நாலு நாள்ல டெல்லி எலெக்‌ஷன். அதுக்குத்தான்" என்றார் எதிர் ஃபிளாட்காரர். "நமக்காக ஒரு லட்சம் கோடியை விட்டுக்கொடுத்திருக்காங்க, வாயில லட்டைப் போடுங்க" என்றார் தாசர். துணி கொண்டுவந்த இஸ்திரிக்காரர் லட்டை வாங்கிக்கொண்டு, "நான் கட்டற ஜிஎஸ்டிக்கு ரீஃபண்ட் எப்போ சார் வரும்?" என்று கேட்டார். பட்ஜெட் விவாதம் அன்று அத்தோடு ஒத்திவைக்கப்பட்டது.

ஏப்ரல் சம்பளச் சீட்டில் டிடிஎஸ் கட்டத்தில் பூஜ்யம். முதலில் சிரித்தவர், பிறகு உட்கார்ந்துவிட்டார். பிடித்தமே இல்லை என்றால் திரும்பி வர என்ன இருக்கிறது? சரி, அம்மாவின் வைப்புத்தொகையாவது இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டார். 15எச் படிவத்தை வேண்டுமென்றே கொடுக்காமல், 70,000 ரூபாய் வட்டியில் வங்கி பிடிக்கும் 7,000-த்தை அம்மா பேரில் ரிட்டர்ன் போட்டு மீட்பது அவருடைய துணைத் தொழில். அதே பட்ஜெட்டில் மூத்த குடிமக்களின் வட்டிக்கான டிடிஎஸ் வரம்பையும் 50,000-லிருந்து ஒரு லட்சமாக உயர்த்திவிட்டார்கள். "வயசானவங்களைக்கூட விட்டுவைக்கலையே!" என்று தாசர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

போதாக்குறைக்கு 1961-ஆம் வருடச் சட்டமும் போய், 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டது. உறங்கும்போதும் உளறும் 80சி, இப்போது 123-ஆம் பிரிவு. ஆனாலும் ஆலோசனை சொல்லும் வழக்கம் விடவில்லை. மாடியில் புதிதாகக் குடிவந்த ஐடி பையனை லிஃப்டில் பிடித்து, "பழைய முறையா, புதிய முறையா?" என்றார்.

"புதுசுதான் அங்கிள். ரசீது, ப்ரூஃப் எதுவும் கொடுக்க வேண்டாம்."

"அப்போ ஜனவரி, பிப்ரவரியில ஆபீசுல என்னப்பா பண்ணுவே?"

"வேலை பார்ப்பேன் அங்கிள்."