பட்டன் போனுக்கு ரகசியம் கிடையாதா?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். ஒரே ஆதங்கத்தை இத்தனை பேர் எழுதியிருக்கும்போது, அவற்றைப் பிரித்துப் போட மனம் வரவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் மகன் சிக்னல் செயலியில்தான் எழுதுவேன் என்கிறான். என்னிடம் பட்டன் போன் இருக்கிறது. பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த விலையில்லா லேப்டாப் இருக்கிறது. லேப்டாப்பில் சிக்னலை இறக்கினால், கட்டம் கட்டமாக ஒரு படத்தைக் காட்டி, போனில் ஸ்கேன் செய்யுங்கள் என்கிறது. எந்தப் போனில் செய்வது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், ராஜபாளையம்

அது கேட்பது உங்கள் போனை அல்ல ஐயா, ஆண்ட்ராய்டு போனை அல்லது ஐபோனை. சிக்னலைப் பொறுத்தவரை லேப்டாப் தனிக்குடித்தனம் போகாத பிள்ளை. கணக்கைத் தொடங்குவதும், உரையாடலைப் பூட்டும் சாவியை முதன்முதலில் உருவாக்குவதும் தொடுதிரைக் கருவியில்தான். லேப்டாப் அதன் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்.

இதில் வேதனை என்னவென்றால், உங்கள் எண்ணை மட்டும் சிக்னல் தாராளமாக ஏற்றுக்கொள்ளும். ஆறு இலக்கக் குறியீடு உங்கள் பட்டன் போனுக்கே வரும். லேண்ட்லைன் எண் கொடுத்தால்கூடக் கூப்பிட்டு வாயால் சொல்லும். வந்த குறியீட்டைப் போடும் இடம்தான் உங்களிடம் இல்லை. வாசல்வரை வரவேற்றுவிட்டுத் திண்ணையிலேயே உட்கார வைக்கிறார்கள்.

அண்ணன் மகன் தன்னுடைய டச் போனில் என் எண்ணைப் போட்டுச் சிக்னல் தொடங்கி, என் லேப்டாப்பில் இணைத்துத் தருகிறேன் என்கிறான். சம்மதிக்கலாமா?
— வீட்டில் நைட்டி தைக்கும் வாசகி, தளவாய்புரம்

வேலை நடக்கும் அக்கா. ஆனால் சம்மதிக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்கு வரும் ஒவ்வொரு செய்தியும் அந்தப் பையனின் போனுக்கும் வரும். தாய்க் கருவி அவனுடையது. நீங்கள் இணைந்தவர் மட்டுமே. அவன் நல்ல பையனாகவே இருக்கட்டும். அவன் போனை யார் யார் கையில் எடுக்கிறார்கள் என்பது உங்கள் கையில் இல்லையே? தவிர, ஒரு போனில் சிக்னல் ஒரு கணக்கைத்தான் வைத்துக்கொள்ளும். உங்கள் எண் உள்ளே போனால் அவன் கணக்கு அந்தப் போனில் இருக்க முடியாது.

இதைவிட நல்ல வழி உண்டு. வீட்டில் யாரோ ஓரங்கட்டிய பழைய ஆண்ட்ராய்டு போனோ, பிள்ளைகள் பாடம் படித்த டேப்லெட்டோ இருந்தால் கேட்டு வாங்குங்கள். சிம் வேண்டாம், வைஃபை போதும். அதில் சிக்னலை நிறுவி உங்கள் எண்ணைக் கொடுங்கள். பட்டன் போனுக்கு வரும் குறியீட்டை அதில் போடுங்கள். பின் நம்பர் வைத்து, பதிவுப் பூட்டையும் போட்டுவிடுங்கள். பிறகு லேப்டாப்பை இணைத்துக்கொண்டு, அந்தக் கருவியை உங்கள் பீரோவில் வையுங்கள். வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள், அவ்வப்போது எடுத்துச் சார்ஜ் போட்டு, செயலியைப் புதுப்பிக்க வேண்டும். சாவி இருக்கும் பெட்டி உங்கள் வீட்டில், உங்கள் பொறுப்பில் இருக்க வேண்டும். அதுதான் முக்கியம்.

பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் சிக்னலை இணைத்துக்கொள்ளலாமா?
— வாசகர், மம்சாபுரம்

வேண்டாம். ஏற்கெனவே இணைத்திருந்தால் இன்றே தாய்க் கருவியில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதிக்குப் போய் அதை நீக்குங்கள்.

ஜியோ பட்டன் போனில் வாட்ஸ்அப் நன்றாகத்தான் ஓடியது. பேண்டேஜ் துணி அளவு, பார்ட்டி முகவரி, லாரி நம்பர் எல்லாம் அதில்தான் வரும். இப்போது ஓடவில்லை. பட்டன் போனுக்கு அந்தத் திறமை இல்லை என்கிறார் கடைக்காரர். உண்மையா?
— தறி வைத்திருப்பவர், சத்திரப்பட்டி

இல்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு பொய்தான் மற்ற எல்லாச் சாக்குகளுக்கும் முட்டுக்கொடுத்து நிற்கிறது.

ஜியோபோன் 2017 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. 1,500 ரூபாய் முன்பணம் கட்டினால் போன். உள்ளே காய்ஓஎஸ் என்ற இயங்குதளம். 2018 செப்டம்பரில் வாட்ஸ்அப் அதற்கென்றே தனியாக ஒரு செயலி செய்து கொடுத்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 2016 ஏப்ரலில், வாட்ஸ்அப் தன் செய்திகள் அனைத்துக்கும் முனைக்கு முனை மறையாக்கம் கொண்டுவந்திருந்தது. அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர, நடுவில் இருக்கும் நிறுவனம்கூடப் படிக்க முடியாத பூட்டு அது. அந்தப் பூட்டின் தொழில்நுட்பத்தைக் கொடுத்தது யார் தெரியுமா? சிக்னலை உருவாக்கியவர்கள்.

ஆக, சத்திரப்பட்டியில் உங்கள் கையிலிருந்த பட்டன் போன், சிக்னலின் பூட்டை ஆறு ஆண்டுக்கு மேல் போட்டுத் திறந்து, போட்டுத் திறந்து வேலை செய்திருக்கிறது. பிறகு 2024 ஜூனில் காய்ஓஎஸ் போன்களுக்குப் புதிதாக வாட்ஸ்அப் தருவதை நிறுத்தினார்கள். 2025 தொடக்கத்தில் ஏற்கெனவே இருந்தவர்களுக்கும் நிறுத்தினார்கள். நோக்கியா சிம்பியன் போன்களுக்கு 2017-லும் எஸ்40 போன்களுக்கு 2018 முடிவிலும் நடந்ததும் இதுவே. போனின் திறமை குறையவில்லை. அதற்காக ஆள் போட்டு வேலை செய்வது இனி வேண்டாம் என்று ஒரு நிறுவனம் தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தின் செலவை உங்களைப் போன்றவர்கள் புதுப் போன் விலையாகக் கட்டுகிறார்கள்.

சிக்னலோ காய்ஓஎஸ் பக்கம் அதிகாரபூர்வமாக ஒருநாளும் வந்ததில்லை.

எங்கள் ஊர் ஆண்டாள் குயிலையும் மேகத்தையும் தூது விட்டாளே, அது பாதுகாப்பான தூதா?
— கல்லூரி மாணவி, ஸ்ரீவில்லிபுத்தூர்

ரகசியம் என்று பார்த்தால் இல்லை. நாச்சியார் திருமொழியில் குயிலுக்கும் மேகத்துக்கும் அவள் சொன்னதெல்லாம் ஊரறியச் சொன்னவை. ஆனால் ஊரறியச் சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்தவள் அவள். எதை வெளியில் சொல்வது, எதை உள்ளே வைப்பது என்பதைச் சொல்கிறவரே தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானம் இன்று போன் விலையைப் பொறுத்து அமைகிறதே என்பதுதான் என் கோபம்.

நான் பால்கோவா வியாபாரி. மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை. எனக்கெதற்கு இதெல்லாம்?
— வாசகர், ஸ்ரீவில்லிபுத்தூர்

இன்லேண்ட் லெட்டர் எழுதிய காலத்தில் ஒட்டித்தானே பெட்டியில் போட்டீர்கள்? பால்காரருக்குத் தர வேண்டிய பாக்கி, மகளுக்கு வந்த வரன், தம்பியின் மருத்துவ ரிப்போர்ட் எதுவும் குற்றமல்ல. ஆனால் கடைவாசலில் ஒட்ட மாட்டீர்கள். சாதாரண எஸ்எம்எஸ்ஸுக்கு அந்த ஒட்டுகூடக் கிடையாது. அது போகும் வழியிலுள்ள நிறுவனத்தால் படிக்க முடியும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். தொடுதிரை வைத்திருப்பவருக்கு மட்டும் என்று அதில் இல்லை.

டெலிகிராம், அரட்டை செயலிகள் பரவாயில்லையா? அரட்டை நம் பக்கத்து ஊர்க்காரர்கள் செய்தது என்று பெருமையாக இருக்கிறது.
— வாசகர், சேத்தூர்

பெருமை நியாயமானது. அரட்டையைச் செய்த ஸோஹோவின் மத்தளம்பாறை அலுவலகம் உங்கள் ஊரிலிருந்து தென்காசிப் பக்கம் பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரம்தான். ஆனால் 2025 செப்டம்பரில் நாடே அரட்டையைப் பேசியபோது, அதில் அழைப்புகளுக்கு மட்டுமே இயல்பாக முனைக்கு முனை மறையாக்கம் இருந்தது. எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. அதன் பிறகுதான் தனிநபர் உரையாடல்களுக்கு அதைக் கொண்டுவந்தார்கள். டெலிகிராமில் சாதாரண உரையாடலுக்கு அந்தப் பூட்டே கிடையாது. 'ரகசிய உரையாடல்' என்று தனியாகத் தொடங்க வேண்டும். விண்டோஸ் லேப்டாப்பில் அதுவும் இல்லை. ஊர்ப் பாசத்தையும் பூட்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

பட்டன் போனை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் என் சிக்னல் கணக்கு என்ன ஆகும்?
— வாசகி, வத்திராயிருப்பு

துண்டிக்கப்பட்ட எண், 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குப் போகலாம். அந்தப் புதியவர் உங்கள் எண்ணில் கணக்கு தொடங்க முடியும். உங்கள் பழைய செய்திகள் அவருக்குத் தெரியாது. ஆனால் உங்கள் பேரில் உங்கள் உறவினர்களோடு பேச முடியும். எண்ணை விடுவதாக இருந்தால், முதலில் கணக்கை நீக்குங்கள்.

போனே வேண்டாம், லேப்டாப் மட்டும் போதும் என்றால் வழியே இல்லையா?
— வாசகர், கிருஷ்ணன்கோவில்

இருக்கிறது. டெல்டா சாட் என்ற செயலி மின்னஞ்சல் வழியில் ஓடுவது. எண் கேட்காது, போன் கேட்காது, லேப்டாப்பிலேயே தொடங்கலாம். மேட்ரிக்ஸ் என்ற வலையமைப்பில் பயனர்பெயர், கடவுச்சொல் போதும். அதன் முக்கியச் செயலியான எலிமெண்ட்டை மத்திய அரசு 2023 மே மாதம் தடைசெய்த 14 செயலிகளில் ஒன்றாகச் சேர்த்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எனவே முதலில் டெல்டா சாட்டைப் பாருங்கள். ஒரே சிக்கல்: நீங்கள் பேச வேண்டியவர்களும் அங்கே வர வேண்டும். வீட்டு நபர்கள் நாலைந்து பேர் என்றால் அது பெரிய காரியமல்ல. அவர்கள் போனில் பத்து நிமிட வேலை.

செய்திச் செயலிகளின் வெப் வடிவம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தானாக வெளியேற வேண்டும் என்று ஒரு உத்தரவு வந்ததாமே?
— கணினிப் பயிற்சி மையம் நடத்துபவர், ராஜபாளையம்

வந்தது. தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பர் 28 அன்று பிறப்பித்தது. செய்திச் செயலி ஓடும் கருவியில் அந்த எண்ணின் சிம் இருக்க வேண்டும். வெப் வடிவம் 6 மணி நேரத்துக்குள் வெளியேறி, மறுபடி க்யூஆர் ஸ்கேன் கேட்க வேண்டும். 90 நாள் அவகாசம் கொடுத்தார்கள். நாட்டுக்கு வெளியிலிருந்து நம் எண்களை வைத்து நடக்கும் மோசடிகளைத் தடுப்பது நோக்கம். ஏமாந்த குடும்பங்களை நினைத்தால் அந்த நோக்கத்தோடு எனக்குச் சண்டையில்லை.

ஆனால் தளவாய்புரத்து அக்காவுக்கு மேலே நான் சொன்ன வழி, எழுத்துக்கு எழுத்து இந்த உத்தரவில் அடிபடும். சிம் பட்டன் போனில், செயலி டேப்லெட்டில் என்ற ஏற்பாட்டையே அது ஏற்காது. ஏற்கெனவே ஓரத்தில் நிற்பவர்களை இன்னும் ஒரு அடி தள்ளுகிறது. இதை எழுதியவர்கள் மேசையில் ஒரு பட்டன் போன்காரர்கூட உட்கார்ந்திருக்கவில்லை என்பது என் எண்ணம்.

சிக்னல் லாப நோக்கமற்ற அமைப்பு என்கிறார்கள். அவர்களிடம் ஒன்று கேட்பதென்றால் என்ன கேட்பீர்கள்?
— நூற்பாலைத் தொழிலாளி, ராஜபாளையம்

இதைத்தான் கேட்பேன்: லேப்டாப்பிலேயே கணக்கு தொடங்க வழி வையுங்கள்.

எண் கேட்பது குப்பைச் செய்தி அனுப்புகிறவர்களைத் தடுக்க என்றால், சரி, எங்கள் எண் இதோ இருக்கிறது. குறியீட்டைச் சொல்லக் குரல் அழைப்பு ஏற்கெனவே இருக்கிறது. இந்தக் குறியீடுகளை அனுப்ப மட்டும் ஆண்டுக்கு சுமார் 60 லட்சம் டாலர் செலவாகிறது என்று 2023 நவம்பரில் நீங்களே கணக்கு வெளியிட்டீர்கள். 2024 பிப்ரவரியில் பயனர்பெயர் கொண்டுவந்து, எண்ணை அடுத்தவருக்குக் காட்டாமல் பேச வழி செய்தீர்கள். அது நல்ல காரியம். ஆனால் கணக்கு தொடங்க எண்ணும் தொடுதிரையும் இன்னும் வேண்டியிருக்கிறது. லேப்டாப்பால் முடியாது என்றும் சொல்ல முடியாது. சிக்னல்-சிஎல்ஐ என்று வெளியார் எழுதிய ஒரு நிரல், லினக்ஸ் கணினியிலேயே எண்ணைப் பதிவு செய்துகாட்டுகிறது. கட்டளை வரிகளைத் தட்டத் தெரிந்தவருக்குத் திறந்திருக்கும் அந்தக் கதவு, ராஜபாளையத்தில் பேத்தியின் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆசிரியருக்கும் திறக்கட்டும். ஒரு பொத்தான் வைத்தால் போதும்.

கோரிக்கையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்திருக்கிறேன். முதல் கையெழுத்து என்னுடையது. இந்த வட்டாரத்து வாசகர்கள் தபால் அட்டையில் பெயரும் ஊரும் எழுதி அனுப்புங்கள், சேர்த்துக்கொள்கிறேன்.