பதினைந்தாவது நிமிடத்தில் நான் யார்?

அனுப்புநர்: லாரி ஓட்டுநர், சங்ககிரி (வண்டி நின்றால்).

பெறுநர்: தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் சட்டத் தொகுப்பு, 2020 அவர்கள், புது தில்லி.

பொருள்: காத்திருக்கும் நேரத்தில் அடியேன் தொழிலாளியா, சுற்றுலாப் பயணியா எனத் தெளிவுபடுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. காலஞ்சென்ற மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961. 2. குடோன் டோக்கன் ஒன்று, கசங்கியது.

ஐயா,

2025 நவம்பர் 21 அன்று தாங்கள் பொறுப்பேற்றுக்கொண்டதாக டீக்கடைப் பேப்பரில் பார்த்தேன். 2020லேயே பாஸாகிவிட்டு டியூட்டியில் சேர ஐந்து வருஷம் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். குறையாகச் சொல்லவில்லை. லோடு கிடைக்காமல் ஷெட்டில் நிற்பது எங்களுக்கும் பழக்கம்தான். தாங்கள் வந்ததும் 13 பழைய சட்டங்கள் வீட்டுக்குப் போயின. அதில் ஒருவர் எங்களுக்கென்றே 1961இல் பிறந்தவர். 64 வருஷம் உயிரோடு இருந்தார். நானும் கிளீனராக ஏறிய நாள் முதல் இதே ரோட்டில்தான் இருக்கிறேன். ஒரு தடவைகூட எதிரெதிரே பார்த்துக்கொண்டதில்லை. துக்கம் விசாரிக்க யார் வீட்டுக்குப் போவது என்று தெரியாததால், வாரிசு என்ற முறையில் தங்களுக்கு எழுதுகிறேன்.

பெரியவரைப் பற்றி நல்ல விதமாகத்தான் கேள்வி. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் வேலை கூடாது என்பார். தொலைதூர வண்டி என்று அனுமதி வாங்கினாலும் நாளைக்கு 10, வாரத்துக்கு 54, அதோடு சரி. 5 மணி நேரம் போனால் அரை மணி ஓய்வு. வாரம் ஒரு நாள் லீவு. ராத்திரி தங்கவேண்டிய இடத்தில் முதலாளி ஓய்வறை கொடுக்க வேண்டும். சீருடையும் கொடுக்க வேண்டும். காக்கிச் சட்டை போடவில்லை என்று நான் அபராதம் கட்டியிருக்கிறேன். சீருடை கொடுக்கவில்லை என்று எந்த முதலாளியும் கட்டிப் பார்த்ததில்லை. ஓய்வறை விஷயத்தில் குறை சொல்ல முடியாது. ஆறு சக்கரமோ பத்துச் சக்கரமோ, அதற்கு மேலேயே கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

அவரிடம் ஒரு கண்டிஷன் இருந்தது. 5 தொழிலாளியாவது இருக்கும் நிறுவனமாக இருந்தால்தான் படியேறுவார். சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் வந்து பாருங்கள். ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருப்பவர் எத்தனையோ பேர். அவர்களில் பலர் ஸ்டியரிங்கைப் பிடித்தால் டிரைவர், தவணை கட்டுகிற தேதியில் முதலாளி. எங்கள் முதலாளியிடம் மூன்று வண்டி, மூன்று டிரைவர், மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு கிளீனர் பையன். அவனும் போன தைக்குப் பிறகு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். ஆக, பெரியவர் எங்கள் வாசலைத் தாண்டிப் போய்விட்டார். தாங்கள் புதுசு, இந்த எண்ணிக்கையைக் குறைப்பீர்கள் என்று நம்பினேன். 10 ஆக்கிவிட்டீர்கள். இன்னும் கொஞ்சம் கூட்டி ஒரு லட்சம் என்று வைத்திருந்தால் ரயில்வேயோடு முடிந்திருக்கும். நாங்களும் ஆசைப்பட்டிருக்க மாட்டோம்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988 மட்டும் எங்களைக் கைவிடவில்லை. போக்குவரத்து வாகனம் ஓட்டும் எவருக்கும் வேலை நேரம் 1961ஆம் வருஷத்துக்காரர் சொன்னபடிதான் என்று தன் 91ஆவது பிரிவில் கைகாட்டியது. கைகாட்டிய இடத்தில் ஆள் இருக்கிறாரா என்று யாரும் போய்ப் பார்த்ததில்லை.

இனி என் வாரத்துக்கு வருகிறேன். சிவராத்திரிக்கு முந்தின வாரம். ஆத்தூர்ப் பக்கத்து ஆலை ஒன்றில் ஜவ்வரிசி ஏற்றினோம், இந்தூருக்கு. மகாராஷ்டிரத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் விரத நாளில் அரிசி, கோதுமை தொடமாட்டார்கள். சாபுதானா கிச்சடி என்று நம் சேலத்து மரவள்ளிக் கிழங்கைத்தான் கிண்டிச் சாப்பிடுவார்கள். அவர்கள் விரதம் தொடங்குமுன் மூட்டை போய் இறங்க வேண்டும் என்பதால், என் விரதம் சில நாள் முன்கூட்டியே தொடங்கிவிடும்.

சரக்கோடு வந்த இ-வே பில்லைப் பார்த்தேன். பெங்களூரு, ஹூப்ளி, புனே, நாசிக், துலே வழியாக இந்தூர் 1,600 கிலோமீட்டருக்கு மேல். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்குப் போட்டு, ஜவ்வரிசிக்கு 9 நாள் கொடுத்திருந்தது அரசாங்கம். என்ன கருணை! வழியில் பஞ்சராகலாம், மழை வரலாம், எங்காவது நின்று இளைப்பாறலாம் என்று ஒரு மூட்டைக்காக யோசித்திருக்கிறார்கள். முதலாளி எனக்குக் கொடுத்தது 3 நாள். லோடு வண்டி சராசரியாக மணிக்கு 50 ஓடினால் அதிகம். பெரியவர் சொன்ன 8 மணி நேரத்துக்கு 400 கிலோமீட்டர். அப்படிப் போனால் ஐந்தாம் நாள்தான் இந்தூர். ஆனால் மூன்றாம் நாள் காலையிலேயே போன் அடிக்கும்.

"எங்கப்பா இருக்கே?"

"துலே தாண்டிட்டேனுங்க."

"இன்னும் துலேதானா? பார்ட்டி கத்தறானப்பா."

எங்கே இருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். ஜிபிஎஸ் மாட்டியிருக்கிறார். தெரிந்துகொண்டே கேட்பது ஒரு மரியாதை. அவரையும் முழுசாகக் குற்றம் சொல்ல மாட்டேன். மாதம் பிறந்தால் பைனான்ஸ்காரர் அவரைக் கேட்கும் கேள்வியும் இதே மாதிரிதான் இருக்கும்.

நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும், ஒருவர் ஓட்ட மற்றவர் கால் நீட்டிப் படுக்க சீட் வேண்டும் என்றெல்லாம் ஒரு காலத்தில் விதி இருந்தது. விதி இருந்த காலத்திலும் என் பக்கத்து சீட்டில் படுத்திருந்தது சமையல் ஸ்டவ்வும் அரிசிப் பையும்தான். பெரிய ஊர்களில் பகலில் கனரக வண்டிக்கு நோ என்ட்ரி. ஊர் தூங்கப் போனால்தான் எங்களுக்கு ரோடு. அப்படி ஒரு ராத்திரி, கத்ரஜ் சுரங்கம் தாண்டி நவலே பாலம் நோக்கி இறங்கினேன். புனேக்காரர்கள் அந்த இறக்கத்தின் பெயரைச் சொல்லியே பயப்படுவார்கள். அத்தனை லாரி பிரேக் பிடிக்காமல் மோதியிருக்கிறது. நான் இறங்கியபோது கண்ணைத் திறந்து வைத்திருந்தது நானா, கம்பத்து விளக்கா என்று இன்றைக்கும் சந்தேகம்.

என் தூக்கத்தைப் பற்றி அரசாங்கம் விசாரிக்கிற இடம் எஃப்.ஐ.ஆர். ஒன்றுதான். 'ஓட்டுநர் கண் அயர்ந்ததே காரணம்' என்று எழுதுவார்கள். அதற்குமுன் எத்தனை மணி நேரம் அயராமல் இருந்தான் என்று எழுத அந்தத் தாளில் கட்டமே கிடையாது. 2022இல் சாலை விபத்தில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. விதிமீறல் வாரியாக அதில் ஓர் அட்டவணை உண்டு. அதிவேகம், குடி, எதிர்த்திசை, சிவப்பு விளக்கு, செல்போன் எல்லாவற்றுக்கும் தனித்தனி வரி. தூக்கத்துக்கு வரி இல்லை. மற்றவை என்ற பையில் போட்டுக் கட்டிவிட்டார்கள். அதே நேரம், உயிர் போகும் விபத்தை நடத்திவிட்டுச் சொல்லாமல் ஓடினால் 10 வருஷம் வரை ஜெயில் என்று புதிய குற்றவியல் சட்டத்தில் எழுதத் தெரிந்தது. 2024 ஜனவரியில் வடக்கே லாரிக்காரர்கள் வண்டியை ஓரம் கட்டி, பெட்ரோல் பங்க்கில் வரிசை நின்ற பிறகுதான் அந்தப் பிரிவை நிறுத்தி வைத்தார்கள்.

இப்போது முக்கியமான சங்கதி. இந்தூர்.

நாட்டிலேயே தூய்மையான நகரம் என்று வருஷா வருஷம் பரிசு வாங்குகிற ஊர். ராஜ்வாடா அரண்மனை உண்டு, சராஃபா கடைத்தெருவில் விடிய விடியப் பலகாரம் உண்டு என்கிறார்கள். நான் நன்கு அறிந்தது அதன் பைபாஸை. குடோன் வாசலில் கேட்காரர் டோக்கன் கொடுத்தார். முன்னால் ஒரு நீண்ட வரிசை. விரதத்துக்கு முன்னால் எல்லா லாரியும் ஒன்றாக வந்து சேர்ந்தால் சுமை இறக்குகிறவர்கள் என்ன செய்வார்கள்? அன்றைக்கு இறக்கவில்லை. மறுநாளும் இறக்கவில்லை. மூன்று நாள் ஓட்டமாக ஓட்டி, வந்து சேர்ந்து, நிற்கிறேன்.

அந்த நிற்கிற நேரத்தைப் பற்றித் தாங்கள் ஒரு விஷயம் எழுதி வைத்திருக்கிறீர்கள். பெரியவர் எழுதியது, தாங்கள் அப்படியே வாங்கிக்கொண்டது. வண்டி ஓடுகிற நேரம் வேலை. ஓட்டத்தோடு ஒட்டிய சில்லறைக் காரியங்களும் வேலை. முனையத்தில் சும்மா ஆஜராக இருப்பதும் வேலைதான், ஆனால் அது 15 நிமிடத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும்!

ஐயா, இதைப் படித்துச் சொன்ன யூனியன்காரரை மூன்று தடவை திருப்பிப் படிக்கச் சொன்னேன். அதாவது 14ஆவது நிமிடம் வரை நான் தொழிலாளி. அதற்கு மேல் வண்டி நின்று, நான் என் இஷ்டப்படி நேரத்தைக் கழிக்கும் நிலையில் இருந்தால் அது ஓட்ட நேரத்தில் சேராது. இந்தூரில் என் இஷ்டப்படி நேரத்தைக் கழித்த விவரத்தைச் சமர்ப்பிக்கிறேன். வரிசை நகரும்போதெல்லாம் வண்டியை ஒரு வண்டி நீளம் முன்னே எடுத்தேன். நடு ராத்திரியிலும் நகர்ந்தது. டீசல் டேங்க் மூடியைத் தொட்டுப் பார்த்து வந்தேன். தார்ப்பாய்க் கயிற்றை யாரோ அவிழ்த்த மாதிரி இருந்ததால் மேலே ஏறிக் கட்டினேன். மூட்டை ஒன்று குறைந்தால் என் கணக்கில் பிடிப்பார்கள் என்பதால் வண்டியை விட்டு அகலவில்லை. குளிக்கப் போக பக்கத்து லாரி ராஜஸ்தான்காரரிடம் கையைக் காட்டி, பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனேன். சராஃபா பலகாரம் சாப்பிடவில்லை. மன்னிக்கவும், தாங்கள் கொடுத்த சுதந்திரத்தைச் சரியாக அனுபவிக்கத் தெரியவில்லை.

இதில் வண்டி மட்டும் விவரம் தெரிந்தது. வண்டி நின்றால் ஹால்டிங் என்று அதற்கு ஒரு தொகை கேட்கலாம். பார்ட்டி பேரம் பேசுவான், இழுத்தடிப்பான், ஆனால் கேட்கலாம் என்பது பேச்சில் இருக்கிறது. இரும்பு நின்றால் நஷ்டம் என்று எல்லோருக்கும் புரிகிறது. எனக்கு டிரிப் கணக்கு. ஓடினால் சம்பளம், நின்றால் நான் வாங்கிக் குடிக்கிற டீ என் செலவு.

திரும்புகிற கதையை நீட்டவில்லை. புக்கிங் ஆபீஸ் பெஞ்சில் ஒரு காத்திருப்பு, நாசிக் பக்கம் வெங்காயம், அழுகும் சரக்கு என்பதால் இன்னும் அவசரம், கடைசியில் தொப்பூர் மலை இறக்கம். 'நியூட்ரலில் இறங்காதே' என்று அங்கே எச்சரிப்பார்கள். டீசல் மிச்சம் பிடித்தால்தான் படியில் நாலு காசு நிற்கும் என்பதால் நியூட்ரல் போடுகிறான் என்பதை எந்தப் போர்டிலும் எழுதவில்லை. நான் கியரில்தான் இறங்கினேன். இதைப் பிரேக் இன்ஸ்பெக்டரிடமும் சொல்லத் தயார்.

2021இல் அமைச்சர் நிதின் கட்கரி, விமானிகளுக்கு உள்ளது போல லாரி ஓட்டுநர்களுக்கும் ஓட்டும் நேரத்தை நிர்ணயிக்க வேண்டும் என்றார். தூக்கத்தைக் கண்டுபிடிக்கும் கருவி பொருத்த வேண்டும் என்றும் சொன்னார். அதற்குப் பிறகு கேபினுக்கு ஏசி வந்தது, 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் வண்டிகளுக்கு. எங்கள் வண்டி அதற்கு மூத்தது. இருக்கட்டும். ஆனால் நான் தூங்குவதைக் கண்டுபிடிக்க ஏன் கருவி? தூங்காததைக் கண்டுபிடிக்கும் கருவியைத்தான் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறீர்களே! 2021 பிப்ரவரியில் கட்டாயமாக்கிய ஃபாஸ்டேக். கிருஷ்ணகிரியை எத்தனை மணிக்குத் தாண்டினேன், தும்கூரை எத்தனை மணிக்கு, கோலாப்பூர்ப் பக்கம் எப்போது, ஒவ்வொரு டோல்கேட்டும் நொடி சுத்தமாகக் குறித்து வைத்திருக்கிறது. இரண்டு டோல்கேட் நேரத்தைக் கழித்துப் பார்த்தால், நடுவில் எவனும் படுக்கவில்லை என்பது பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். ஐரோப்பாவில் லாரிக்குள் டாக்கோகிராஃப் என்று ஒன்று வைத்து, நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்த வைக்கிறார்கள். நம்மிடம் அந்தச் செலவுகூட வேண்டாம். கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. சுங்கம் பிடிக்க மட்டும் அதைத் திறந்து பார்க்கிறீர்கள். அது வண்டிக் கணக்கு, ஆள் கணக்கு இல்லை என்பீர்கள். ஸ்பீடு கேமரா சலான் வரும்போது வண்டிக்குள் இருந்த ஆளைக் கண்டுபிடிக்கச் சிரமம் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

எனவே, மனிதனாக எனக்குச் சலுகை கேட்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்று உணர்ந்து, கீழ்க்காணும் கோரிக்கையை மட்டும் பணிவோடு வைக்கிறேன். என்னைச் சரக்காக அறிவித்து விடுங்கள்.

ஜவ்வரிசிக்குப் போடுவது போல எனக்கும் ஒரு இ-வே பில் போட்டு, 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று காலக்கெடு கொடுத்துவிட்டால் போதும். காலாவதியான பில்லோடு சரக்கு பிடிபட்டால் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் போடுகிறார்கள் அல்லவா? காலாவதியான டிரைவரோடு பிடிபடும் வண்டிக்கும் அப்படியே போடலாம். இறக்கத் தாமதமானால் எனக்கும் ஹால்டிங் கேட்க வழி பிறக்கும். மனைவியும் ஒரு சௌகரியம் சொல்கிறாள்: சரக்கு என்றால் ஒருநாள் டெலிவரி ஆகித்தானே தீர வேண்டும்.

பதில் அனுப்ப என் முகவரி தேவைப்படாது. இந்த வாரம் கொப்பரை ஏற்றிக்கொண்டு மறுபடியும் வடக்கே போகிறேன். எந்த டோல்கேட்டில் எந்த நிமிடம் இருப்பேன் என்று தங்களுக்குத்தான் தெரியும்; அங்கே கொடுத்து வைத்தால் வாங்கிக்கொள்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள், கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். 15 நிமிடத்துக்குள் படித்து முடித்தால்தான் அதுவும் வேலை நேரத்தில் சேரும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சரக்கு (விண்ணப்பம் நிலுவையில்)